பணிமனையே பாடசாலையாக

ஊரும் ஊர்தியும் — 14

ஒரு மாநகரத்தின் பஸ்களை ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது; அவற்றைப் பழுது பார்ப்பதற்குத் தொழிற்கல்வி வேண்டும் என்று நியமன விதிகள் கேட்கின்றன. ஆனால் எந்த வண்டி எந்த நிமிஷத்தில் நிலையத்தை விட்டுப் புறப்பட வேண்டும், எத்தனை வண்டிகள் இருந்தால் ஒரு தடத்தின் ஜனங்கள் நின்று களைக்காமல் பிரயாணம் செய்ய முடியும், ஓட்டுநரும் நடத்துநரும் எப்போது உண்டு எப்போது இளைப்பாற வேண்டும் என்பவற்றையெல்லாம் நிர்ணயிக்கிறவருக்கு என்ன கல்வி வேண்டும் என்ற கேள்வியை நம் கல்வி உலகம் இன்றுவரை போதிய சிரத்தையோடு கேட்டதில்லை. 1895 மே 7ஆம் தேதி மின்சார டிராம் ஓடத் தொடங்கி 1953 ஏப்ரல் 12ஆம் தேதி ஓய்ந்த வரலாற்றையும், 1947இல் அரசாங்கம் சென்னையில் பஸ் நடத்த முன்வந்ததையும், 1972இன் தொடக்கத்தில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உதயமானதையும் சென்ற வாரங்களில் பார்த்தோம். வண்டிகளின் கதை அது. அந்த வண்டிகளை இயக்குகிற வித்தையைப் பற்றியும், அதைத் தொழிற்பழகுநராக இருந்து கற்றுக்கொண்டே ஓர் இளைஞன் அல்லது இளம்பெண் பட்டமும் பெறுவதற்கு வழி உண்டா என்பதைப் பற்றியும் இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

இதை ஆராய்வதற்கு மிகப் பெரிய நிலையம் எதுவும் வேண்டியதில்லை. பட்டினப்பாக்கம் போதும். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒருபுறம் மீனவர் குடியிருப்புகளும் மறுபுறம் வீட்டுவசதி வாரியக் கட்டடங்களுமாக அமைந்திருக்கும் இப்பகுதியில், கிழக்கே கடல் இருப்பதால் பஸ்கள் மேற்கொண்டு போக இடமில்லாமல் திரும்பிவிடுகின்றன. திரும்பும் இடம் என்பதாலேயே அது போக்குவரத்து சாஸ்திரத்தின் முதல் பாடத்துக்கு உகந்த இடமாகிறது. வழியில் நேர்ந்த தாமதம் அனைத்தும் வந்து சேர்ந்து கணக்குத் தீர்க்கப்படுவது இத்தகைய கடைசி நிலையங்களில்தான். அடுத்த நடைக்கான நேரம் பிறப்பதும் இங்கேதான்.

இங்கிருந்து மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தியாகராய நகர், கோடம்பாக்கம் வழியாக வடபழனிப் பக்கம் செல்லும் 12பி போன்ற ஒரு தடத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். கணக்குக்காக, போய்த் திரும்பி, இரு முனைகளிலும் சற்றே நின்று, மறுபடி புறப்படத் தயாராவதற்கு ஒரு வண்டிக்கு 120 நிமிஷம் ஆகிறது என்று கொள்வோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வேண்டுமானால் பன்னிரண்டு வண்டிகள் தேவை. இது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் வகுத்தல். ஆனால் மாலை வேளையில் உஸ்மான் சாலையிலும் கோடம்பாக்கம் மேம்பாலத்திலும் நெரிசல் மிகுந்து, போகையில் பத்து நிமிஷமும் வருகையில் பத்து நிமிஷமும் கூடிவிட்டால், அதே பத்து நிமிஷ இடைவெளியைக் காப்பாற்றப் பதினான்கு வண்டிகள் வேண்டும். பன்னிரண்டுதான் உண்டென்றால் இடைவெளி பன்னிரண்டு நிமிஷத்தை நெருங்கும். சாலையில் ஏறும் ஒவ்வொரு காரும் இவ்வாறு பஸ் கழகத்தின் வண்டிகளில் ஒரு பங்கை அருவமாக விழுங்கிவிடுகிறது. புதிய வண்டிகள் வாங்கியும் ஏன் காத்திருப்பு குறையவில்லை என்று வியக்கிறவர்களுக்கு இந்த எளிய கணிதம் ஒரு விடை. இதைப் பஸ் நிலையத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் கற்றவர் ஒருநாளும் மறக்கமாட்டார்.

கணிதம் இத்துடன் நின்றால் யாரும் செய்துவிடலாம். இதன்மேல் மனித உடம்பின் கணக்கு ஏறுகிறது. 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு தொழிலாளியின் வேலையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரையறுத்து, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரைமணியேனும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. நடை ஒன்றுக்கு 120 நிமிஷமானால் இரண்டு நடை முடிந்ததும், நான்கு மணி நேரத்தில், ஓட்டுநர் இந்தக் கடற்கரை நிலையத்திலேயே இறங்கி உணவருந்தலாம். நெரிசலால் நடை 160 நிமிஷமாக நீண்டுவிட்டால், இரண்டாம் நடை முடியுமுன்பே ஐந்து மணி நேரம் கடந்துவிடும். அவருடைய ஓய்வை எதிர்முனைக்கு மாற்ற வேண்டும். எதிர்முனையில் வண்டி நிற்க இடம் உண்டா, குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா, பெண் நடத்துநருக்கு அது உபயோகமாகுமா என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. கால அட்டவணை என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் காகிதத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் சட்டமும் கணிதமும் சரீர தர்மமும் ஒருங்கே நின்றுகொண்டிருக்கின்றன.

இனி, சென்னைவாசி ஒவ்வொருவரும் ஒரு முறையாவது சொல்லியிருக்கக்கூடிய புகார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "அரை மணி நேரமா ஒண்ணும் வரல, இப்ப மூணு வண்டி சேர்ந்து வருது." இதை நடத்துநர்களின் சோம்பலென்றும் நிர்வாகத்தின் அசிரத்தையென்றும் சொல்லிப் போகிறவர்கள் பலர். உண்மையில் இது இயற்கை நியதியைப் போன்றது. ஒரு வண்டி சற்றே பிந்தினால், அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருப்போர் அதிகமாகிறார்கள்; அவர்கள் ஏறி முடிக்க நேரம் கூடுகிறது; அதனால் அது மேலும் பிந்துகிறது. அதற்குப் பின்னால் வரும் வண்டிக்கோ ஆட்கள் குறைந்து, நிற்கும் நேரம் சுருங்கி, அது முன்வண்டியை எட்டிப் பிடித்துவிடுகிறது. நியூவெல், பாட்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1964லேயே இதைக் கணித ரீதியாக விளக்கிவிட்டார்கள். பரிகாரமும் உண்டு: இரு முனைகளிலும் போதிய நிற்கும் நேரத்தை அட்டவணையிலேயே வைத்தல், நடு வழியில் ஓரிரு இடங்களில் முந்தி வந்த வண்டியை நிறுத்தி அனுப்புதல், சேர்ந்து வந்தவற்றில் ஒன்றைப் பாதி வழியிலேயே திருப்பிவிடுதல். எதை எப்போது பிரயோகிப்பது என்பதுதான் வித்தை. முன்வண்டியில் இருக்கும் ஐம்பது பேரை நிறுத்திவைத்துப் பின்னால் காத்திருக்கும் நூறு பேருக்கு உபகாரம் செய்வதா என்று ஒரு நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டியவர், நிலையத்தின் சிறு அறையில் உட்கார்ந்திருக்கும் டைம் கீப்பர்.

இந்த டைம் கீப்பர்களிடமும், செக்கிங் இன்ஸ்பெக்டர்களிடமும், பணிமனையில் விடிவதற்கு முன்பே வந்து முதல் வண்டிக்கு ஆள் சேர்க்கிற அலுவலர்களிடமும் இருக்கும் ஞானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு நடத்துநர் வரவில்லை என்றால் எந்த ஸ்பேர் ஆளை எந்தத் தடத்துக்குப் போடுவது, கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் உற்சவ நாளில் மாட வீதிகளைச் சுற்றி எந்த வண்டியை எவ்வழியே அனுப்புவது, பணிமனைக்கும் நிலையத்துக்குமிடையே காலியாக ஓடி வீணாகும் டீசலைக் குறைக்க எந்தத் தடத்தை எந்தப் பணிமனைக்குக் கொடுப்பது என்பவை அவர்களுக்குப் பல வருஷ அனுபவத்தால் வந்தவை. அவர்கள் ஓய்வு பெறும்போது அந்த அனுபவமும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. எழுதி வைக்கப்படவில்லை, பாடமாக்கப்படவில்லை. இது எனக்கு நெடுங்கால விசாரம். ஒரு சமூகம் தன் அன்றாட வாழ்வுக்கு ஆதாரமான ஓர் அறிவைச் செவிவழிச் செல்வமாகவே விட்டுவைத்திருப்பது நல்லதன்று.

தொழிற்பழகுநர்களே நம்மிடம் இல்லையோ என்றால், இருக்கிறார்கள். தொழிலாளர்களின் வேலை நேரத்தை வரையறுத்த அதே 1961இல்தான் பழகுநர் சட்டமும் நிறைவேறியது. 1973இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதன்படி மாநகர் போக்குவரத்துக் கழகமும் மாநிலத்தின் ஏனைய போக்குவரத்துக் கழகங்களும், தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் மூலம் இளைஞர்களை ஓராண்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கின்றன. அண்மைக் கால அறிவிப்புகளில் பட்டதாரிகளுக்கு மாதம் 9,000 ரூபாயும், பட்டயம் பெற்றவர்களுக்கு 8,000 ரூபாயும் உபகாரச் சம்பளமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. மெக்கானிகல், ஆட்டோமொபைல் படித்தவர்களோடு, இப்போது கலை, விஞ்ஞானம், வணிகவியல் பட்டதாரிகளையும் அழைக்கிறார்கள். இது வரவேற்கத்தக்க மாறுதலே.

ஆயினும் இவ்வேற்பாட்டில் படிப்பு முதலில் முடிந்துவிடுகிறது. பழக்கம் பின்னால் வருகிறது. நான்கு வருஷம் வகுப்பறையில் இருந்தவர் ஒரு வருஷம் பணிமனையில் இருந்துவிட்டுச் சான்றிதழோடு வெளியேறுகிறார். பணிமனையில் அவர் எழுப்பும் கேள்வியை எடுத்துச் சென்று விசாரிக்க அப்போது அவருக்குக் கல்லூரி இல்லை. கல்லூரியில் இருந்தபோதோ கேள்வி எழுப்பப் பணிமனை இல்லை. நாதஸ்வர வித்வானிடம் சேர்ந்த பிள்ளை முதலில் ஒத்து ஊதி, சுருதியைக் காதில் நிலைநிறுத்திக்கொண்டு, குருவின் வாசிப்பைக் கச்சேரி தோறும் பக்கத்திலிருந்தே கேட்டு வளர்கிறான். சங்கீத சாஸ்திரம் முழுவதையும் படித்து முடித்துவிட்டுத்தான் மேளத்தோடு புறப்பட வேண்டும் என்று யாரும் அவனை வீட்டில் உட்கார்த்திவைப்பதில்லை. பாடமும் பழக்கமும் அந்த விதமாக இணையாக நடக்கும்போதுதான் ஒன்றை மற்றொன்று திருத்துகிறது.

பயிற்சி முடிந்தவருக்கு வேலை உண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. சட்டம் பழகுநரைத் தொழிலாளியாகக் கருதவில்லை. பயிற்சி கொடுத்தவர் வேலையும் கொடுத்தாக வேண்டும் என்று நிர்ப்பந்திக்கவும் இல்லை. இது குறித்து நாட்டின் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் அளித்த பிரசித்தமான தீர்ப்பு ஒரு பஸ் கழகத்தின் வழக்கிலேயே எழுந்தது. உத்தரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி பெற்ற பழகுநர்கள் வேலை கோரிச் சென்றபோது, மற்றத் தகுதிகள் சமமாக இருக்குமிடத்துப் பயிற்சி பெற்றவருக்கு நேரடி விண்ணப்பதாரரைவிட முன்னுரிமை தரவேண்டும் என்றும், அவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை என்றும், பயிற்சிக் காலத்தை முன்னிட்டு வயது வரம்பில் சலுகை வேண்டும் என்றும் நீதிபதிகள் கூறினார்கள். நியாயமான தீர்ப்பு. ஆனால் முன்னுரிமை என்பது காலியிடம் இருந்தால்தான் பொருள்படும். வேலைக்கு ஆள் எடுப்பதும் பயிற்சிக்கு ஆள் எடுப்பதும் இரு வேறு கணக்குகளாக இருக்கும்வரை, வருஷந்தோறும் பணிமனை பல இளைஞர்களுக்குச் சத்திரமாகவே இருக்கும்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு இந்தத் தேசத்திலேயே ஓர் அழகிய உதாரணம் இருந்தது. பீகாரில் ஜமால்பூர் என்ற ஊரில் 1862இல் அமைந்த ரயில்வே தொழிற்சாலையில், 1927 முதல் விசேஷ வகுப்பு ரயில்வே பழகுநர் என்ற முறை நடைபெற்று வந்தது. பள்ளிப் படிப்பின் மேல்நிலையை முடித்த இளைஞர்களை, சுதந்திரத்துக்குப் பின் மத்தியத் தேர்வாணையத்தின் கடுமையான பரீட்சை மூலம் பொறுக்கி எடுத்து, நான்கு ஆண்டுகள் தொழிற்சாலைக்கும் வகுப்பறைக்குமிடையே வளர்த்து, முடிவில் ரயில்வேயின் மேலதிகாரிகளாகவே நியமித்தார்கள். ரயில் எஞ்சினின் ஒவ்வொரு திருகையும் தம் கையால் கழற்றி மாட்டியவர்கள் பின்னாளில் பெரும் நிர்வாகிகளானார்கள். கைவேலையும் பட்டமும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்று அவர்களுடைய வாழ்க்கை நிரூபித்தது. பிற்காலத்தில் இவர்களுக்கு மெஸ்ராவிலுள்ள பிர்லா தொழில்நுட்பக் கழகத்தின் பட்டமும் கிடைத்தது. சென்ற பத்தாண்டின் நடுவில் அத்தேர்வு நிறுத்தப்பட்டது. வேறு வழிகளில் பொறியாளர்கள் ஏராளமாகக் கிடைக்கிறார்கள் என்பது உண்மையாயினும், அந்த முறை மறைந்ததை நான் ஒரு நஷ்டமாகவே கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்த எண்ணத்துக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் தங்காத அவர் 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனித் தடத்தில் தாமே ஓட்டுநராக இறங்கினார். பதின்மூன்று ஆண்டுகளில் அவருடைய மோட்டார் சர்வீஸில் 280 பஸ்கள் ஓடின என்பது மோட்டார் உலகம் அறிந்த செய்தி. அப்படிப்பட்டவர் கல்வியின் பக்கம் திரும்பியபோது வெறும் தருமமாக அதைச் செய்யவில்லை. தாம் வளர்ந்த விதத்திலேயே பிறரும் வளர வேண்டும் என்ற உறுதியோடு செய்தார். 1945இல் அன்றைய சென்னை கவர்னரின் பெயரால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அவருடைய முயற்சியால் தோன்றின. நான்கு ஆண்டுப் படிப்பு காலவிரயம், பட்டறையோடு சேர்த்துக் கற்பித்தால் அதில் பாதிக் காலம் போதும் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். அரசாங்கம் அதை ஏற்கவில்லை, அவரும் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரியே இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகப் புகழோடு விளங்குகிறது. காலத்தைப் பாதியாக்குவது பற்றி அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை; அட்டவணை வகுப்பவருக்கு வேண்டிய கணிதமும் புள்ளியியலும் பொருளாதாரமும் மெல்லத்தான் ஊறும். ஆனால் பட்டறையை விட்டுப் பிரிந்த படிப்பில் ஏதோ குறைகிறது என்று அவர் கண்டது சரியே. பஸ் நடத்தியவர் அதைக் கண்டார் என்பதும் கவனிக்கத்தக்கது.

இப்போது உலகத்தின் வேறு பகுதிகளில் இதே எண்ணம் முறையான வடிவம் பெற்றிருக்கிறது. ஜெர்மனியின் பாடன்–வூர்ட்டெம்பெர்க் மாகாணத்தில் 1970களில் தொடங்கிய இரட்டைக் கல்வியில், மாணவர் சில மாதம் கல்லூரியிலும் சில மாதம் தொழிலகத்திலுமாக மாறி மாறி இருந்து பட்டம் பெறுகிறார். இங்கிலாந்தில் 2015 முதல் பட்டப் பழகுநர் முறை நடைமுறையில் இருக்கிறது. அங்கே பழகுநர் முதல் நாளிலிருந்தே சம்பளம் பெறும் ஊழியர். சர்வகலாசாலைக் கட்டணத்தை அவர் கொடுப்பதில்லை. சம்பளப் பட்டியல் பெரிதாக உள்ள நிறுவனங்கள் 2017 முதல் செலுத்திவரும் விசேஷ வரியிலிருந்து அச்செலவு ஈடு செய்யப்படுகிறது. லண்டன் நகரப் போக்குவரத்து நிர்வாகமும் இவ்விதப் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்கிறது. நம் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், பட்டப் படிப்பின் ஒரு பகுதியாக, குறைந்தபட்சம் ஒரு செமஸ்டரேனும் பழகுநர் பயிற்சியை வைத்துக்கொள்ளக் கல்லூரிகளுக்கு அனுமதி தந்திருக்கின்றன. அதைப் பயன்படுத்தி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் குழு, கலைக் கல்லூரிகளோடு சேர்ந்து சரக்குப் போக்குவரத்தில் பட்டப் படிப்புகளை ஏற்படுத்தியிருக்கிறது. பெட்டிகளையும் மூட்டைகளையும் உரிய காலத்தில் கொண்டு சேர்ப்பதற்குப் பட்டம் இருக்கிறது. மனிதர்களைக் கொண்டு சேர்ப்பதற்கும் இருக்கக் கூடாதா?

மெட்ரோ ரயில் இதை உணர்ந்திருக்கிறது. சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து, பொறியியல் பட்டதாரிகளுக்கு மெட்ரோ தொழில்நுட்பத்திலும் நிர்வாகத்திலும் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் நடத்தி, படிக்கும் காலத்தில் உதவித்தொகை கொடுத்து, தேறியவர்களைத் தன் அலுவலர்களாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. படிப்பும் பணியும் ஒரே ஒப்பந்தத்தின் இரு பக்கங்களாக இருப்பதே இதன் சிறப்பு. ஆனால் அது பொறியாளர்களுக்கானது, ரயிலுக்கானது. அதைவிட எத்தனையோ மடங்கு தெருக்களைத் தொடுகிற பஸ்ஸுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அதற்கான நிறுவனத்தைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மாநிலத்தின் போக்குவரத்துக் கழகங்கள் அனைத்துக்கும் பொதுவாக 1976இல் தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் அமைக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் ஓட்டுநர் பயிற்சி நிலையம், ஈரோட்டில் 1984இல் ஒரு பொறியியல் கல்லூரி, பெருந்துறையில் மருத்துவக் கல்லூரி என்று அது விரித்த கிளைகள் பல. பஸ் தொழிலாளர்கள் தம் சம்பளத்திலிருந்து கொடுத்த பங்களிப்பு அந்தக் கல்விச்சாலைகளுக்கு உரமாயிற்று என்பதை நினைக்கும்போது என் மனம் நெகிழ்கிறது. தம் பிள்ளைகள் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆக வேண்டும் என்று ஓட்டுநர்களும் நடத்துநர்களும் விரும்பினார்கள். தாங்கள் நாள்தோறும் செய்துவந்த தொழிலே ஒரு பட்டத்துக்குரிய சாஸ்திரம் என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஈரோட்டுக் கல்லூரியும் பெருந்துறைக் கல்லூரியும் இன்று அரசினர் கல்லூரிகளாகிவிட்டன. தரமணி நிறுவனம் ஒரு பல்கலைக்கழகத்தோடு கைகோத்து, பொதுப் போக்குவரத்து இயக்கத்தில் மூன்றாண்டுப் பட்டம் ஒன்றை வகுக்கத் தடையென்ன இருக்கிறது?

அந்தப் படிப்பு எப்படி இருக்கும் என்று நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. சேர்ந்த முதல் மாதத்திலேயே மாணவர் அதிகாலை நான்கு மணிக்கு மந்தைவெளியிலோ அடையாறிலோ உள்ள பணிமனையில் நின்று, வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வண்டி பிந்தியது, டயராலா, ஆள் வராததாலா, டிக்கெட் இயந்திரம் கிடைக்காததாலா என்று ஒரு பருவம் முழுவதும் எழுதிவந்தால், புள்ளியியல் என்ற பாடம் அவருக்குத் தானாகவே அவசியமாகிவிடும். பிறகு சில மாதம் டைம் கீப்பரின் அறை. சில மாதம் செக்கிங் இன்ஸ்பெக்டரோடு தடத்தில். விபத்து நேர்ந்த இடத்தில் சட்டப்படி என்ன செய்ய வேண்டும், காயமுற்றவரிடமும் கலங்கி நிற்கும் ஓட்டுநரிடமும் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் புத்தகம் பாதிதான் கற்பிக்கும்.

மூன்றாம் ஆண்டில் வரவேண்டிய பாடங்கள் நம் காலத்துக்கே உரியவை. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் கட்டணமில்லாப் பயணம் கிடைத்திருப்பதால், எந்த வேளையில் எந்தத் தடத்தில் யார் போகிறார்கள் என்ற பழைய கணக்கு மாறியிருக்கிறது. வசூலை வைத்து ஒரு தடத்தின் மதிப்பை அளந்த முறை இனிச் செல்லாது. 2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. அவற்றில் வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்தினுடையவை, நடத்துநர் கழகத்தவர், ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டில் கழகத்துக்கு முன்பைவிடக் கூர்மையான இயக்க அறிவு வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கிலோமீட்டரை ஓடித் தீர்ப்பது ஒப்பந்தக்காரரின் வேலையாகவும், அந்தக் கிலோமீட்டர் ஜனங்களுக்கு உபயோகமாகும் நேரத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பது கழகத்தின் கடமையாகவும் பிரிந்துவிட்டன. மின்கலத்தை எப்போது நிரப்புவது என்பதும் இனி அட்டவணையின் ஒரு வரி. பஸ், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டை 2025 செப்டம்பரில் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் கொண்டுவந்திருப்பதால், ஒரு பயணி எங்கே இறங்கி எங்கே மாறுகிறார் என்ற விவரமும் வந்து சேருகிறது. விவரத்தைப் படித்துப் பொருள் கொள்ள யாரைத் தயார் செய்திருக்கிறோம்?

பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்திலோ வாரியக் குடியிருப்பிலோ வசிக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். தகப்பனாருக்குக் கடல் தொழில். தாயார் மீன் விற்கிறாள். கல்லூரிக்கு அனுப்பினால் மூன்று வருஷம் வருமானம் இல்லை. வேலைக்கு அனுப்பினால் படிப்பு இல்லை. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று பதினேழு வயதுப் பெண்ணைக் கேட்பது கொடுமை. படிக்கும் நாளிலேயே கௌரவமான ஊதியமும், முடிவில் வேலையும், கையில் பட்டமும் உண்டு என்றால் அந்த வீட்டின் தலைமுறையே மாறும். ஆனால் அந்த ஊதியம் 9,000 ரூபாய்க்குள் நின்றுவிடக் கூடாது என்று வற்புறுத்துவேன். வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டும், அவள் சாப்பிடவும் வேண்டும். பயிற்சிக்கு எடுக்கும் எண்ணிக்கையை அடுத்த சில ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகும் டைம் கீப்பர்கள், மேற்பார்வையாளர்களின் எண்ணிக்கையோடு பொருத்திவிட வேண்டும். ஆயிரம் பேரைச் சேர்த்து வெறும் சான்றிதழோடு அனுப்புவதைவிட நூறு பேரைச் சேர்த்து நூறு பேரையும் நியமிப்பது மேல். ஊழியர்களின் சங்கங்கள் இதில் ஐயுறுவதற்கு நியாயம் உண்டு: குறைந்த ஊதியத்தில் நிரந்தரப் பணியாளரின் வேலையைப் பழகுநரைக்கொண்டு வாங்கிவிடுவார்களோ என்று அவர்கள் அஞ்சினால், அந்த அச்சத்தைப் போக்கும் ஷரத்துகளை முதலிலேயே எழுத வேண்டும். அதோடு, பணியிலிருக்கும் நடத்துநர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் அதே படிப்பில் ஒரு பங்கு இடம் ஒதுக்க வேண்டும். இருபது வருஷம் தடத்தை அறிந்தவர் பட்டம் பெறாமல், தடத்தையே அறியாதவர் பட்டத்தோடு அவருக்கு மேல் வந்து உட்காருவது இரு சாராருக்கும் நன்மை தராது.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு பிரச்சினையும் பட்டினப்பாக்கத்திலேயே தயாராக இருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு, வேலை நடந்துவருகிறது. அதில் ஒரு தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து கச்சேரி சாலை, திருமயிலை, ஆழ்வார்ப்பேட்டை, நந்தனம், பனகல் பூங்கா, கோடம்பாக்கம், வடபழனி வழியாகப் பூந்தமல்லிக்குச் செல்லும். ஏறத்தாழ 12பி செல்லும் பாதையின் பெரும்பகுதிக்கு அடியிலேயே. ரயில் முழுதும் ஓடத் தொடங்கியதும் மேலே ஓடும் பஸ்ஸை என்ன செய்வது? அப்படியே விட்டுவைப்பதா, குறைப்பதா, அல்லது பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்க நிலையத்துக்கும் மந்தைவெளிக்கும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சிறு வண்டியாக மாற்றுவதா? படி இறங்க இயலாத முதியவர்களும், மீன் கூடையோடு போகிற பெண்களும், பத்து ரூபாய் வித்தியாசத்தை எண்ணிப் பார்க்கிறவர்களும் ரயிலுக்கு மாறிவிடுவார்கள் என்று எண்ணலாமா? இந்நிலையத்துக்கான புதிய கால அட்டவணையை, வண்டிக் கணக்கு, ஆள் கணக்கு, ஓய்வு நேரம், செலவு அனைத்தோடும் மாணவர் ஒரு பருவம் முழுவதும் உழைத்துத் தயாரிக்க வேண்டும். அதை மதிப்பிடும் மேஜையில் ஒரு பேராசிரியரும், ஒரு கிளை மேலாளரும், அந்தத் தடத்திலேயே நெடுங்காலம் டிக்கெட் கொடுத்த ஒரு நடத்துநரும் சம அதிகாரத்தோடு உட்கார வேண்டும்.